ஆவுடையக்காவின் பச்சைத் திரை

குரு என்றால் தாடி வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பொற்கொடி டீச்சருக்கு முப்பத்து நாலு வயது. தென்காசியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், யாரோ கழித்துப் போட்ட கம்ப்யூட்டர்களைத் துடைத்து வைத்து, அவற்றில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றி, வருகிறவர்களுக்கெல்லாம் சும்மாவே சொல்லிக்கொடுத்தார். லினக்ஸ் ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. யாரும் இறைக்கலாம். கூடுதலாக ஒரு சௌகரியமும் உண்டு. பிடிக்காவிட்டால் கிணற்றுச் சுவரை இடித்துத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொள்ளலாம், ஏன் என்று கேட்க ஆள் கிடையாது.

சீடர் சங்கரபாண்டியனுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஊருக்கு அவர் அண்ணாச்சி. குருவுக்கும் அண்ணாச்சிதான். ஜவுளிக்கடை வாசலில் நிற்கும் பொம்மைகளுக்குப் புடவை கட்டி அலங்காரம் செய்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வைத்த கொசுவம் கலைந்து யாரும் பார்த்ததில்லை. பொம்மைக்கு நடக்கத் தெரியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

அப்படிப்பட்ட கைக்கு லினக்ஸ் கிடைத்தால் சும்மா இருக்குமா? முதல் மாதம் வால்பேப்பரை மாற்றினார். அடுத்து திரையில் திறக்கிற ஜன்னல்களின் மூலைகளை வளைத்தார். திரையின் அடியில் மெனு இருந்த பட்டையைக் கண்ணாடி ஆக்கினார். ஐகான்களை மெலிய வைத்தார். பிறகு பட்டையே வேண்டாம் என்று மேலே ஒளித்து வைத்தார், சுட்டியைக் கொண்டுபோய் விளிம்பில் முட்டினால் மட்டும் எட்டிப் பார்க்கும்.

"எப்படி இருக்கு டீச்சர்?"

"ஓடுதா?"

"நல்லா ஓடுது."

"அப்போ சரி."

வாரம் தவறாமல் கேட்பார். வாரம் தவறாமல் இதே பதில்தான். 'நல்லா இருக்கு' என்ற ஒரு சொல்லுக்கு அந்த மனிதர் எவ்வளவு ஏங்கினார் என்பது அவர் சிஸ்டத்துக்கு மட்டும்தான் தெரியும்.

அதே மாடிக்கு, மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்ததும் மெஸ்ஸைப் பூட்டிவிட்டு ஆவுடையக்கா வருவாள். ஜன்னலோர சிஸ்டம் அவளுடையது. அவள் அவரை அண்ணாச்சி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

மெஸ் வாசலில் தினமும் ஒட்டுகிற தாளைத் தானே அடித்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. வெள்ளெழுத்துக் கண்ணுக்குத் திரையில் இருந்த பொடி எழுத்துகள் பிடிபடவில்லை. அதனால் அவள் எதையும் வாசித்துக் கண்டுபிடிப்பதில்லை, இடத்தை வைத்துக் கண்டுபிடித்தாள். கீழே, இடது கை ஓரத்தில் ஒரு எலிப் படம். அதைத் தட்டினால் கதவு திறக்கும். உள்ளே மேலிருந்து மூன்றாவதாக நீலப் படம். அதைத் தட்டினால் வெள்ளைத் தாள் வரும்.

"பிள்ளையாரைப் பார்க்கணும்னா மூஞ்சூறைத் தொட்டுட்டுத்தான போகணும்," என்று சொல்லிக்கொண்டே தட்டுவாள்.

ஒரு நாள் வரும்போதே முகம் சிவந்திருந்தது.

"மதுரைச் சம்பந்தியம்மா சாரலுக்கு வாராங்க அண்ணாச்சி."

"நல்லதுதானக்கா. குத்தாலத்துல தண்ணியும் நல்லா விழுது."

"அது கிடக்கட்டும். நானும் கம்ப்யூட்டர் படிக்கேன்னு போன்ல சொன்னேன். ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க! பக்கத்துல மருமகப்பிள்ளை சிரிக்காரு. அவர் தம்பி சிரிக்கான். அந்த வீட்டுல எல்லாரும் கம்ப்யூட்டர் கம்பெனியாம்."

"விடுங்கக்கா."

"எப்படி விட? எம் மகளும் அந்த வீட்டுலதான இருக்கா? வெள்ளிக்கிழமை மதினியை இங்க கூட்டிட்டு வாரேன். அவங்க கண்ணு முன்னாடி நானே திறந்து, நானே அடிச்சு, ஒரு தாள் எடுத்து அவங்க கையில கொடுக்கணும். அது போதும் எனக்கு."

அன்றிலிருந்து தினமும் வந்தாள். எலி, நீலப் படம், வெள்ளைத் தாள். எலி, நீலப் படம், வெள்ளைத் தாள். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

வியாழக்கிழமை டீச்சர் ஏதோ உதிரிப் பாகம் வாங்கத் திருநெல்வேலி போய்விட்டார், திங்கட்கிழமைதான் திரும்புவார். அக்காவும் பழகிவிட்டுப் போனபின் மாடியில் அண்ணாச்சி மட்டும். ஜன்னலோர சிஸ்டத்தைப் பார்த்தார். சாம்பல் நிறத் திரை, தடித்த பட்டை, பழைய ஐகான்கள். நாளைக்கு மதுரையிலிருந்து விருந்தாளி வருகிறார். இந்தக் கோலத்திலா அக்கா அவரை வரவேற்பது?

அவர் மனதில் துளிக் கள்ளம் கிடையாது. பெண்பார்க்க வருகிற வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுக்கிற பக்கத்து வீட்டுக்காரர் மாதிரிதான் உட்கார்ந்தார். திரைக்குக் குற்றால அருவி வந்தது, பனிமூட்டத்தோடு. ஐகான்கள் வெள்ளைக் கோடுகளாக இளைத்தன. பட்டை மேலே போய் மறைந்தது. முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே புல்லரித்தது.

அக்காவிடம் சொல்லவில்லை. பார்த்ததும் அசந்து போகட்டும் என்று வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆவுடையக்கா அரக்குப் பட்டு கட்டி வந்தாள். பின்னால் சம்பந்தியம்மாள் லோகநாயகி, கண்ணாடியும் கைப்பையுமாக.

"அடடே, அருவி! படம் ரொம்ப நல்லா இருக்கே," என்றார் லோகநாயகி.

அண்ணாச்சிக்கு உச்சி குளிர்ந்தது.

அக்கா உட்கார்ந்தாள். கை தானாகக் கீழே இடது ஓரத்துக்குப் போயிற்று. தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். அங்கே பாறையும் பனியும்தான் இருந்தன. கழுத்தை நீட்டித் திரையைத் துழாவினாள். எலியைக் காணோம். நீலப் படத்தைக் காணோம். 

அருவியை ரசிக்கிறாள் என்றே அண்ணாச்சி நினைத்தார். விஷயம் உறைத்ததும் ஓடி வந்தார்.

"மேலக்கா, மேல! விளிம்புல கொண்டு போய் முட்டுங்க!"

அவள் முட்டினாள். பட்டை எட்டிப் பார்த்து, அவள் தட்டுவதற்குள் ஒளிந்துகொண்டது.

"இங்க தாங்க," என்று சுட்டியை அவள் கையிலிருந்து வாங்கி, அவரே திறந்து, அவரே வெள்ளைத் தாளையும் வரவழைத்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது அந்த இடத்தில்தான்.

லோகநாயகி சிரித்தார். "இவரே அடிச்சும் கொடுத்திருவார் போல."

அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்திருக்க வேண்டாம் என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது.

"ஆமா மதினி, எனக்கு எங்க இதெல்லாம் வரும்? வாங்க, அருவிக்கு நேரமாச்சு."

சனிக்கிழமை அவள் வரவில்லை. திங்கட்கிழமையும் அந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

"ஆவுடையக்கா எங்க?" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி நடந்ததைச் சொன்னார். எதையும் பூசி மெழுகவில்லை. 

"அக்காவுக்கு நல்லா இருக்கணும்னுதான் செஞ்சேன். அழகு பண்றது தப்பா டீச்சர்?"

டீச்சர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். சிஸ்டத்தைப் போட்டார். அவர் கையும் நேராகக் கீழே இடது ஓரத்துக்குத்தான் போயிற்று. அங்கே கொஞ்ச நேரம் நின்றது. அண்ணாச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி," என்றார் டீச்சர்.

எத்தனை மாதமாகக் காத்திருந்த வார்த்தை! இப்போது வந்து வேப்பங்காயாகக் கசந்தது.

"அக்காவைப் போய்க் கூட்டிட்டு வாங்க. உங்க சிஸ்டத்துல உட்கார வையுங்க. அவங்க இஷ்டப்படி அலங்காரம் பண்ணட்டும்."

"என்னோடதுலயா?"

"ஆமா. எப்படின்னு வாயால சொல்லிக் கொடுங்க. கை மட்டும் பின்னால இருக்கட்டும்."

மெஸ்ஸில் அப்போதுதான் இலை எடுத்து முடித்திருந்தார்கள். அக்கா அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள்.

"சாப்பாடு தீர்ந்துட்டு."

"சாப்பிட வரலக்கா. அன்னைக்கு உங்க சம்பந்தி முன்னாடி நீங்க தலைகுனிஞ்சது என்னாலதான். நான்தான் அதை மாத்தி வச்சேன்."

அக்காவின் கை நின்றது.

"நீங்களா? நான் எனக்குத்தான் புத்தி போயிட்டுன்னு நினைச்சேன். எலி இருந்ததுகூடக் கனவோன்னு நினைச்சேன், அண்ணாச்சி. மூணு நாளா சோறு இறங்கல."

"எலி அங்கதான் இருந்துச்சு. மேல ஒளிச்சு வச்சிருந்தேன்."

"அது என்ன பாவம் பண்ணுச்சு, ஒளிச்சு வைக்க?"

"பார்க்க நல்லா இருக்கும்னு."

"ஒளிச்சு வச்சதை எப்படிப் பார்ப்பாங்க?"

 பொம்மைகள் இந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டதில்லை. டீச்சர் சொல்லி அனுப்பியதைச் சொன்னார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"உங்க சிஸ்டத்துல நானா? உயிரா வச்சிருப்பீங்களே அதை."

"ஆமா," என்றார் அண்ணாச்சி. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"திட்ட மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

அவள் வந்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உள்ளங்கை அரிக்க ஆரம்பித்தது.

"வலப்பக்கப் பொத்தானைத் தட்டுங்கக்கா. வருதா? அதுல ரெண்டாவது. இப்போ நிறம் கேட்கும்."

"எந்த நிறமும் வைக்கலாமா?"

"எந்த நிறமும்."

அவள் கிளிப்பச்சை வைத்தாள். எந்தக் கடை வாசலிலும் அண்ணாச்சி தொடத் துணியாத கிளிப்பச்சை. அவருடைய கண்ணாடிப் பட்டை கீழே இறங்கி வந்து, தடித்து, பச்சையாயிற்று. எழுத்துக்கு ரோஸ் கலர். கோடாக இளைத்திருந்த ஐகான்கள் ஊதிப் பெருத்தன. எலியைத் தேடிப் பிடித்து இடது ஓரத்தில் உட்கார வைத்து, பெருச்சாளி அளவுக்கு ஆக்கினாள். ஒவ்வொன்றுக்கும் அண்ணாச்சி நெஞ்சில் ஒரு குத்து விழுந்தது.

அப்படி இழுத்துக்கொண்டிருக்கும்போதே பட்டை மொத்தமும் காணாமல் போயிற்று.

அக்கா சுட்டியை விட்டுக் கையை உருவிக்கொண்டாள், தோசைக்கல்லைத் தொட்டவள் மாதிரி.

"போச்சு! கெடுத்துட்டேன். உங்க சாமானைக் கெடுத்துட்டேன் அண்ணாச்சி!"

பின்னால் கட்டியிருந்த கை அவிழ்ந்துவிட்டது. சுட்டியை நோக்கிப் பாதி தூரம் வந்தும்விட்டது. அறையின் மூலையில் டீச்சர் ஏதோ ஒரு பெட்டியின் திருகைக் கழற்றிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. அண்ணாச்சி கையை இழுத்து மறுபடி கட்டிக்கொண்டார்.

"கெடலக்கா. இது கெடாது. காலியா இருக்கிற இடத்துல தட்டுங்க. கீழ போங்க. இன்னும் கீழ. அதான். 'புதுசு'ன்னு இருக்கா?"

பட்டை வந்தது. அக்கா மூச்சு விட்டாள்.  பிறகு, யாரும் சொல்லாமல், தானாகவே பட்டையைத் தூக்கி எறிந்தாள். தானாகவே திரும்பக் கொண்டுவந்தாள். இன்னொரு தடவை எறிந்தாள், கொண்டுவந்தாள். அந்த மாடியில் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து அண்ணாச்சி கேட்டதில்லை. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உயிராக வைத்திருந்த சாமான் போனது போகட்டும் என்று, அவரே எதிர்பாராமல், தோன்றிவிட்டது.

அக்கா எழுந்து ஜன்னலோரம் போனாள்.

"இப்போ என் வீட்டை நான் பார்த்துக்கிடுதேன்," என்றாள்.

சாயங்காலத்துக்குள் அருவி இருந்த இடத்தில் பச்சை வந்தது. மறுநாளும் வந்து இன்னும் கொஞ்சம் பூசினாள். சம்பந்தியம்மாள் வியாழக்கிழமை ரயிலேறுவதாக இருந்தது. புதன்கிழமை மத்தியானம் அக்கா அவரைக் கையோடு இழுத்து வந்தாள். பட்டு கட்டவில்லை. மெஸ்ஸில் பரிமாறிய புடவையிலேயே வந்தாள், தோளில் சாம்பார்ப் பொட்டு.

லோகநாயகி திரையைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினார்.

"அய்யோ, யாரு இப்படிப் பச்சையடிச்சு வச்சது? கண்ணு கூசுது."

"நான்தான் மதினி," என்றாள் ஆவுடையக்கா.

அதைச் சொன்னபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெருச்சாளியைத் தட்டினாள், கதவு திறந்தது. நீலத்தைத் தட்டினாள், தாள் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை. அண்ணாச்சி சுவரோரம் கையைக் கட்டி நின்று, நாக்கையும் சேர்த்துக் கட்டியிருந்தார்.

பிரின்டர் முனகி ஒரு தாளைத் தள்ளியது. அக்கா அதை எடுத்துச் சம்பந்தியின் கையில் கொடுத்தாள்.

'ஆவுடையக்கா மெஸ். இன்று ராத்திரி உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல், அவியல். மதுரை மதினி வந்திருக்காங்க, எல்லாருக்கும் பாயசம் உண்டு.'

லோகநாயகி வாசித்தார். மறுபடி வாசித்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்களே அடிச்சிட்டீங்களே மதினி."

"ஆமா."

"இந்தப் பச்சை, ரோஸ் எல்லாமும் நீங்களா? உள்ள ஏதும் கெட்டுப் போகலையா?"

"கெட்டுச்சு. நானே திரும்பக் கொண்டு வந்தேன்."

லோகநாயகி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். குரல் இறங்கியது.

"எங்க வீட்டுல ரூமுக்கு ஒண்ணு இருக்கு. நான் ஒண்ணைக்கூடத் தொட்டதில்ல, மதினி. தூசி தட்டப் போனாக்கூட உங்க மருமகன் கத்துவான். 'அம்மா, கையை எடு, எதையாவது மாத்திராதே'ம்பான். சின்னவனும் அப்படித்தான்."

"அப்போ அன்னைக்குப் போன்ல சிரிச்சீங்களே?"

"அவங்க சிரிச்சாங்க. நான் சிரிக்கலைன்னா என்னையும் பார்த்துச் சிரிப்பாங்களோன்னு இருந்துச்சு."

ஆவுடையக்கா எழுந்து, சம்பந்தியின் தோளைப் பிடித்து அழுத்தித் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். லோகநாயகி உட்கார்ந்தார். இரண்டு கைகளும் மடியிலேயே இருந்தன. திரையை அவர் பார்த்த பார்வையில் ஆசையும் பயமும் பாதிப் பாதி இருந்தன. அக்காவைக் கேலி செய்ததற்காக அண்ணாச்சிக்கு அவர் மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அண்ணாச்சி டீச்சர் இருந்த மூலைக்குப் போய்க் குனிந்து கேட்டார்.

"டீச்சர், நாளைக்கு ரயிலாம். இருக்கிறதே இந்தக் கொஞ்ச நேரம்தான். முதல்ல எதைச் சொல்லிக் கொடுக்க? எழுத்து அடிக்கவா, மெனுவைத் திறக்கவா?"

டீச்சர் திருகிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"எதையாவது மாத்தச் சொல்லுங்க அண்ணாச்சி."